புதுப்பிப்பு: பழைய பாலத்தில் விலை குறைந்த அதிர்வு சென்சார் (தீர்வு கிடைத்தது)

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காகச் சுருக்கம்: எங்கள் ஊர் வாய்க்கால் மேல் இருக்கும் பழைய கான்கிரீட் பாலத்தில் எம்பியு-6050 என்ற மலிவான அதிர்வு சென்சாரை வைத்தால் வெறும் இரைச்சல்தான் (சென்சாரே உண்டாக்கும் தாறுமாறான ஏற்ற இறக்கம்) வருகிறது, பாலத்தின் இயல்பு அதிர்வெண் (பாலம் தானாக நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) தெரியவில்லை என்று கேட்டிருந்தேன்.

ஃபில்டர் போட்டுப் பார்த்ததில் பலன் இல்லை. சென்சாரையே மாற்றச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. எம்பியு-6050இன் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்குச் சுமார் 400 மைக்ரோ-ஜி (சென்சாரின் இரைச்சலைச் சொல்லும் அலகு; எண் குறைந்தால் நல்லது). அதற்குப் பதிலாக வாங்கிய ஏடிஎக்ஸ்எல்-355 சென்சாரில் சுமார் 25தான். விலை பல மடங்கு கூடும், ஆனால் இந்த வேலைக்கு அது நியாயமான செலவு. அப்புறம், இரட்டைப் பக்க டேப்பை எடுத்துவிட்டு, எபாக்ஸியில் ஒட்டிய இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். லாரி கடந்து போனபின் அதிர்வு தணியும் பகுதியை மட்டும் எடுத்து எஃப்எஃப்டி (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) செய்ததும், வரைபடத்தில் 5 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தெளிவான முகடு!

எதிர்பாராதது ஒன்று. மதிய வெயிலில் அந்த முகடு கொஞ்சம் கீழே இறங்குகிறது, இரவில் திரும்பி ஏறுகிறது. விரிசல் விட்டாலும் அதிர்வெண் இறங்கும் என்பதால், விரிசலோ என்று பயந்துவிட்டேன். காரணம் வெப்பம். சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை 1998இல் இடிப்பதற்கு முன் கண்காணித்தபோதும், உறைகுளிரில் தார்த்தளம் இறுகி அதிர்வெண் ஏறியது பதிவாகியிருக்கிறது. அதனால் பாலத்தின் தளத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சாரும் வையுங்கள்; அதன் பாதிப்பைக் கழிக்காமல் சேதம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

எல்லாப் பருவமும் பதிவாகட்டும் என்று கருவியை அங்கேயே விட்டிருக்கிறேன்.