டர்பன் முத்தி (நாட்டு மருந்து) மார்க்கெட்ல வாங்குன இசிபாஹா பட்டை: யாருக்காவது தெரியுமா?

நெல்லைக்காரன்:
வணக்கம் மக்களே, வேலை விஷயமா டர்பன் வந்து ஏழெட்டு மாசம் ஆகுது. வறட்டு இருமல் விடவே மாட்டேங்குது, கூட வேலை பாக்குற ஜூலு அண்ணன் ஒருத்தர் வார்விக் ஜங்ஷனுக்கு கூட்டிட்டு போனாரு, அங்க பாதியில நின்னுபோன ஒரு ஃப்ளைஓவர் மேல முழுக்க மூலிகைக் கடைதான், வேரு பட்டை கிழங்குன்னு மலையா குவிச்சு வெச்சிருக்காங்க. ஒரு பாட்டிம்மா கையகலத்துக்கு ஒரு பட்டையக் கொடுத்து "இசிபாஹா"ன்னாங்க, மென்னு சாறை முழுங்கணுமாம். வாயில போட்டா மிளகும் லவங்கப்பட்டையும் சேர்த்து கடிச்ச மாதிரி சுள்ளுனு ஏறுது, மூக்கு உடனே திறந்துருச்சு. ரூமுக்கு வந்து நெட்ல பாத்தா அழிஞ்சுட்டு வர்ற மரம்னு போட்டிருக்கு, இப்ப ஒரே குத்த உணர்ச்சி. நான் வாங்கினது தப்பா? வேற ஏதாவது வழி இருக்கா?

பச்சிலை:
நான் பாட்டனி படிச்சவ, அதனால கொஞ்சம் நீளமா போவேன் பொறுத்துக்கோங்க. அது வார்பர்ஜியா சலூட்டாரிஸ், இங்கிலீஷ்ல பெப்பர்பார்க். தென்னாப்பிரிக்கா, எஸ்வாத்தினி, மொசாம்பிக், ஜிம்பாப்வே பக்கம்தான் வளரும். தென்னாப்பிரிக்காவோட சிவப்புப் பட்டியல்ல "அழியும் ஆபத்துல இருக்கிறது"ங்கிற இடத்துல இருக்கு, ஜிம்பாப்வேல காட்டு மரம் கிட்டத்தட்ட காணாமலே போச்சு. மரம் ஏன் சாகுதுன்னா, இலையில செஞ்ச சாப்பாடு வேருக்கு இறங்குறதே பட்டையோட உள்பக்கம் வழியாத்தான், சுத்திவர உரிச்சிட்டா வேர் பட்டினி கிடந்து மரம் நின்ன இடத்துலயே காய்ஞ்சிடும். ஒரு பக்கமா கொஞ்சம் எடுத்தா தப்பிச்சுக்கும், ஆனா ராத்திரியில திருட்டுத்தனமா காட்டுக்குள்ள போறவன் அளந்தா உரிப்பான்? வெட்டுன கட்டையில திரும்ப துளிர் வரும், அது தடிக்கிறதுக்குள்ள அதையும் உரிச்சிடுறாங்க.

இன்னொன்னு, அந்த காரம் பட்டையில மட்டும் இல்ல, இலையிலயும் இருக்கு! வார்பர்கனால், பாலிகோடியால்னு சில பொருள் இருக்கு, பூச்சி அந்த இலையத் தின்னாம ஒதுக்குறதுக்கும் கிருமிங்க அடங்குறதுக்கும் அதுதான் காரணம்ங்கிறாங்க. பட்டைக்குப் பதிலா இலையப் பறிச்சா அடுத்த மாசம் வேற இலை வந்துரும், மரமும் இருக்கும். அதனால இனிமே இலை கேளுங்க.

நைரோபி நாடோடி:
பச்சிலை சொன்னது சரிதான், இங்க கென்யால இதோட சொந்தக்கார மரம் ஒன்னு இருக்கு, உகாண்டென்சிஸ்னு. அதோட இலைய குழம்புலயே போடுவாங்க, நான் ஒருதடவ ரசத்துல போட்டுப் பாத்தேன், மிளகு போடாமலே கண்ணுல தண்ணி வந்துருச்சு 😅 பட்டை உரிச்சு சாகுற கதை வேற மரத்துக்கும் உண்டு. ப்ரூனஸ் ஆப்பிரிக்கானா பட்டையில ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை செய்றாங்க, அது போறது ஐரோப்பாவுக்கு. 1995லயே சைட்டிஸ் (அழியுற நிலையில இருக்குற உயிரினங்களோட உலக வியாபாரத்தக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுல வந்தாச்சு. அதனால மார்க்கெட்டு பாட்டிய மட்டும் குத்தம் சொல்றது நியாயமில்ல.

நெல்லைக்காரன்:
பாட்டிய யாரு சொன்னா, எனக்கு என் மேலதான் கோவம். நேத்து திரும்பப் போயி இலை இருக்கான்னு கேட்டேன், அவங்க ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க. இலை வெச்சா யாரும் வாங்க மாட்டாங்களாம், வர்றவங்க வயசான மரத்து தடிச்ச பட்டைதான் வேணும்னு கேக்குறாங்களாம், அதுலதான் சக்தின்னு நம்பிக்கை. முன்னெல்லாம் பக்கத்துலயே கிடைக்குமாம், இப்ப எல்லாம் மொசாம்பிக் சரக்காம்.

சாட்ஸ்வர்த் பையன்:
வணக்கம் அண்ணே, நாங்க நாலு தலைமுறையா இங்கதான், என் தமிழ் கொஞ்சம் தடுமாறும், மன்னிச்சுக்கோங்க. எங்க சாட்ஸ்வர்த் பக்கத்துலயே சில்வர்க்ளென்ல நகராட்சியோட மூலிகை நர்சரி இருக்கு, 1980கள்லயே ஆரம்பிச்சது, இன்யாங்கா மாருங்களுக்கே, அதான் ஜூலு மூலிகை வைத்தியருங்களுக்கே, செடி வளக்க சொல்லிக் கொடுத்தாங்க. க்ரூகர் பார்க் பக்கமும் வைத்தியர்களுக்கு கன்னு கொடுக்குற திட்டம் ஓடுது, வீட்டு வாசல்ல மரம் நின்னா இலை பறிக்கப் பழகிடுவாங்கன்னு கணக்கு. விதைதான் தொல்லை, காயப்போட்டு எடுத்து வெச்சா முளைக்காது, பழம் பழுத்த உடனே ஊனணும், அதுக்கு முன்ன குரங்கும் பூச்சியும் விட்டாத்தானே. கன்னாவே வாங்கிடுங்க. இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா க்ளினிக்ல டிபி டெஸ்ட் எடுத்துருங்க அண்ணே, இந்த ஊர்ல அது ரொம்ப சாதாரணம்.

நெல்லைக்காரன்:
தம்பி சொன்னபடி டெஸ்ட் எடுத்தாச்சு, டிபி இல்ல, வெறும் அலர்ஜிதான். கன்னு ஒன்னு வாங்கி பால்கனியில வெச்சிருக்கேன், முழங்கால் உசரம் கூட இல்ல. ஆசைப்பட்டு ஒரு இலை கிள்ளி மென்னேன், ரெண்டு டம்ளர் மோர் குடிச்சும் எரிச்சல் அடங்கல. அடுத்த வாரம் ரெண்டு இலை பறிச்சுட்டுப் போயி பாட்டிக்கு மெல்லக் கொடுக்கணும், என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.