புதுப்பிப்பு: பிக்கு (பௌத்தத் துறவி) வந்து தங்கிச் சென்றார்

கோலாலம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் தாய்லாந்து வன மரபை (காட்டில் எளிமையாக வாழ்ந்து தியானம் செய்யும் பௌத்தத் துறவிகளின் மரபை) சேர்ந்த ஒரு பிக்கு தங்கப்போகிறார், என்ன ஏற்பாடு செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அவர் நேற்று கிளம்பினார்.

சாப்பாட்டு நேரம்தான் பெரிய கேள்வியாக இருந்தது. உச்சிப்பொழுதுக்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலும் கடிகாரத்தில் 1 மணி தாண்டித்தான். இருந்தாலும் 11 மணிக்கே பரிமாறிவிட்டோம், அவசரமில்லாமல் இருந்தது. மேசையில் வைத்தால் போதாது, கையில் ஏந்திக் கொடுக்க வேண்டும். சாம்பார், கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் வாங்கிக்கொண்டார். முளைக்கக்கூடிய விதையைப் பிக்குகள் தாங்களே சேதப்படுத்தக் கூடாது. கொய்யாவில் விதை இருப்பதால், இதை ஏற்கத்தக்கதாக்குங்கள் என்று அவர் கேட்க, நாங்கள் கத்தியால் லேசாகக் கீறி ‘கப்பியம் பந்தே’ (பாலி மொழியில் ‘இது ஏற்கத்தக்கது, ஐயா’) என்று சொன்ன பிறகே எடுத்துக்கொண்டார். என் மகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மாலையில் தேன் கலந்த கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) மட்டும்.

தட்சிணை பற்றிக் கேட்டவர்களுக்கு: அவர் பணத்தைத் தொடுவதில்லை. டாக்சிக்கு நாங்களே கொடுத்துவிட்டோம். போதனைக்குக் கட்டணம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் மடாலயத்தின் பொறுப்பாளரிடம் நன்கொடை கொடுக்கலாம்.

அடுத்த முறை வந்தால் மாலைத் தியானத்துக்கு அக்கம்பக்கத்தாரையும் அழைப்பேன்.