டெக்கோரம்: அவைக் கண்ணியமா, அவைத்தகவா?

வணக்கம்.

டெக்கோரம் (decorum), அதாவது கூடியிருக்கும் அவைக்கும் சூழலுக்கும் பொருந்தப் பேசி நடப்பது, என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், 'அவைக் கண்ணியம்' போதும், நாளிதழ்களில் பழகிய சொல்தானே என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். செய்திக்குச் சரி. கலைச்சொல்லாக வைக்கும்போது எனக்கு நெருடுகிறது.

கண்ணியம் வடமொழி 'கண்ய' என்பதிலிருந்து வந்தது. எண்ணத்தக்கது, ஒரு பொருட்டாக மதிக்கத்தக்கது என்று பொருள். ஆகவே அது ஆளின் மதிப்பைச் சொல்கிறது. கண்ணியமானவர் எங்கே போனாலும் கண்ணியமானவர்தான். டெக்கோரம் அப்படி இல்லையே. ஒருவர் இரங்கல் கூட்டத்தில் எழுந்து, இறந்தவரைப் பற்றி ஒரு துணுக்கு சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார் என்று வையுங்கள். துணுக்கில் ஆபாசம் இல்லை, ஆளும் தங்கமானவர். அதையே இறந்தவருடைய பணிநிறைவு விழாவில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். இங்கே பிசகியது இடப்பொருத்தம், அவ்வளவுதான்.

மூலச்சொல்லும் இதைத்தான் சொல்கிறது. இலத்தீனில் 'டெக்கேரே' என்றால் பொருந்துதல், தகுதல். கி.மு. 44இல் ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதியபோது, கிரேக்கர்கள் 'ப்ரெபோன்' என்று சொன்னதற்கு ஈடாக டெக்கோரம் என்று எழுதினார். அவரும் நம்மைப் போலக் கலைச்சொல் தேடி அலைந்தவர்தான். நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'டீசன்ட்' அதே வேரில் கிளைத்தது.

மரியாதைக்கு வடமொழியில் எல்லை, கரை என்ற பொருள்கள் உண்டு. அந்த வகையில் கண்ணியத்தைவிடக் கிட்ட வருகிறது. ஆனால் இன்று மரியாதை என்பது கொடுப்பதும் வாங்குவதுமாக ஆகிவிட்டது. 'சபை மரியாதை' என்றதும் மாலையும் பொன்னாடையும்தான் கண்முன் வருகின்றன. நாகரிகத்தைச் சிந்துவெளிக்கே விட்டுவிடலாம்.

'பாடொழுகல்' என்று அம்மா ஒருவர் முன்வைத்தது அழகான சொல். உலக நடைமுறை அறிந்து நடப்பதே பண்பு என்று சொல்லும் 'பண்பெனப் படுவது பாடறிந் தொழுகுதல்' என்ற கலித்தொகை வரியை மறக்க முடியுமா? ஆனால் இன்றைய காதில் பாடு என்றால் படாத பாடு, பெரும்பாடு. சட்டமன்ற விதித்தொகுப்பில் பாடொழுகல் என்று அச்சிட்டால் உறுப்பினர்கள் படும் பாடு என்றே படிப்பார்கள்!

எனக்குக் கைகொடுப்பது 'தகு' என்ற வேர். டெக்கேரேவுக்கு நேர் இணை. பழஞ்சொல், செத்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று வராத குற்றச் செய்தி உண்டா? எதிர்மறையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, நேர்ச்சொல்லான தகவை நழுவ விட்டிருக்கிறோம். அதை மீட்டு 'அவைத்தகவு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

இரண்டு மறுப்புகள் வரும். 'தக்கார் தகவிலர்' என்ற குறள் (114) நடுவுநிலைமை அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே தகவு நடுவுநிலையைக் குறிக்கிறது. உண்மை. அப்புறம், பொறியியல் எழுத்தில் தகவு விகிதத்துக்கு ஆளப்படுகிறது. அதுவும் உண்மை. 'அவை' என்ற முன்னொட்டைச் சேர்ப்பதே இந்த இரண்டு குழப்பமும் வராமல் இருக்கத்தான். நீதிமன்றத்துக்கும் இதே சொல் செல்லும், மன்றமும் அவைதானே.

புழக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவைத்தலைவர் ஒருவரை நோக்கி 'நீங்கள் பேசியது கண்ணியமற்றது' என்றால், அது ஆளையே தொடுகிறது, அடுத்த சண்டை அங்கேயே தொடங்கும். 'இது அவைக்குத் தகாத சொல், நீக்குகிறேன்' என்றால் சொல்லோடு போயிற்று. பெயராகவும் வினையாகவும் வளைந்து கொடுப்பதால்தான் இந்தச் சொல்லுக்காக வாதாடுகிறேன்.

இலக்கியத் திறனாய்வில் டெக்கோரம் என்றால், மாந்தரின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ற பேச்சு அமைவது. அங்கே அவை பொருந்தாது. அதற்கு 'நடைப்பொருத்தம்' என்று தனியாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.