'ரொட்டேஷன்' என்பதற்குத் தமிழ்ச் சொல்: சுழற்சியா, முறையா?

வணக்கம்.

இளைஞர் மாற்று வானொலியும் வெகுஜன இசையும் பற்றிய கட்டுரைக்குச் சொல் தேடுகிறோம். இரண்டு சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. 'ஆல்டர்னேட்டிவ் யூத் ரேடியோ'வை 'மாற்று இளைஞர் வானொலி' என்று எழுதினால், 'மாற்றுத் திறனாளி' பழகிய காதுக்கு இளைஞர்கள்தாம் மாற்று என்று படும். 'இளைஞர் மாற்று வானொலி' என்று வரிசையைத் திருப்பினால் தீர்ந்தது. 'மெயின்ஸ்ட்ரீம்' என்பதற்கு 'மைய நீரோட்டம்' வேண்டாம். சிற்றிதழ், வெகுஜன இதழ் என்ற இணை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்தே 'வெகுஜன இசை'.

மாட்டிக்கொண்டு நிற்பது 'ரொட்டேஷன்'. புதுப் பாட்டு ஒன்று வானொலி நிலையத்தின் பட்டியலில் சேர்ந்து, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலிப்பது. எவ்வளவு அடிக்கடி ஒலிக்கிறது என்பதைப் பொறுத்து ஹெவி, மீடியம், லைட் என்று அதில் மூன்று படி. 'சுழற்சி' போதுமா?

———

> 'சுழற்சி' போதுமா?

போதாது. இதே கட்டுரையில் இசைத்தட்டும் வரும். அதில் ஒரு வகை நிமிடத்துக்கு 45 சுழற்சி. அடுத்த பத்தியில் 'பாட்டு வாரத்துக்கு 30 சுழற்சி' என்றால் வாசகர் எதை நினைப்பார்? அதைவிடப் பெரிய குறை, சுழற்சி தானாக நடப்பது. இங்கே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஹெவி வகையில் 8 பாட்டு, மணிக்கு ஒன்று என்று வைத்தால் ஒவ்வொன்றும் 8 மணி நேரத்தில் திரும்பும். காலை 7 மணிப் பாட்டு பிற்பகல் 3, இரவு 11, மறுநாள் மறுபடியும் காலை 7. தினமும் காலை 7 மணிக்கு மட்டும் கேட்பவருக்கு ஒரே பாட்டுதான் கிடைக்கும். மற்ற ஏழும் அவர் காதில் விழவே விழாது. 24-ஐ 8 மீதியில்லாமல் வகுப்பதால் வரும் வினை இது. 9 ஆக்கினாலும் முழுதாகத் தப்ப முடியாது: 24, 9 இரண்டையும் 3 மீதியில்லாமல் வகுப்பதால் காலை 7 மணிக்காரருக்கு 9-இல் 3 பாட்டுதான். 7 பாட்டு வையுங்கள், ஒரே வாரத்தில் ஏழும் அந்த நேரத்துக்கு வந்துபோகும். 5, 11 ஆகியவையும் சரிவரும். மென்பொருள் பட்டியலை நிரப்பித் தந்தாலும் வகைக்கு எத்தனை பாட்டு என்று சொல்வது மனிதர்தான்.

இதற்குப் பொருத்தமான சொல் வயலில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்கால்களுக்கு 'முறை வைத்து' விடுவார்கள், அது முறைப்பாசனம். அதே போக்கில் 'முறைப்பாட்டு' என்று சொல்லலாம்.

———

முறை நல்ல வேர். ஆனால் தயவுசெய்து 'முறைப்பாட்டு' வேண்டாம். இலங்கைத் தமிழில் முறைப்பாடு என்றால் புகார். 'முறைப்பாட்டு நேரம்' என்று போட்டால் எங்கட ஆக்கள் நிலையத்துக்குக் குறை சொல்லத் தொலைபேசி எடுக்கிற நேரம் என்றுதான் விளங்கிக்கொள்ளுவினம். 'முறைவைப்பு' என்று வையுங்கோ. பாட்டுக்கு முறை வைத்தார்கள், முறை கொடுத்தார்கள், முறையிலிருந்து எடுத்தார்கள் என்று வினையும் தானாக வரும்.

ஆஸ்திரேலியாவின் இளைஞர் வானொலியான ட்ரிபிள் ஜேயை வைத்துச் சொல்லைச் சோதிக்கலாம். 1975 ஜனவரி 19-இல் சிட்னியில் டபுள் ஜே என்ற பெயரில் அது தொடங்கியபோது முதலில் போட்டது ஸ்கைஹுக்ஸ் குழுவின் பாட்டு. வணிக வானொலிகள் தடை செய்து வைத்திருந்த பாட்டு அது: மற்றவர்கள் முறை மறுத்ததற்கு இவர்கள் முறை கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் நடந்தது நேர் எதிர். நேயர் வாக்கெடுப்பான ஹாட்டஸ்ட் 100-இல் டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டை ஏற்றச் சமூக ஊடகத்தில் இயக்கமே நடந்தது. நிலையம் அந்தப் பாட்டுக்கு முறையே கொடுத்திருக்கவில்லை, வாக்கெடுப்பிலிருந்தும் நீக்கியது. ஆனால் 2020 ஜனவரியில் அதே பட்டியலின் முதலிடம் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷுக்கு. அமெரிக்கத் தரவரிசையிலும் முதலிடம் பிடித்த பாட்டுத்தான் அது! முந்தைய ஆண்டுப் பட்டியலிலேயே அவரின் பாட்டுகள் இருந்தன.

ஆகவே மாற்று, வெகுஜனம் என்ற பிரிவு பாட்டின் ஒலியில் இல்லை. யார் முதலில் முறை கொடுத்தார்கள், எவ்வளவு காலம் கொடுத்தார்கள் என்பதில் இருக்குது. அதனால்தான் இந்தச் சொல் கட்டுரைக்கே அச்சாணி என்கிறன்.

———

முறைவைப்பு எனக்கும் முழுச் சம்மதம். படிகளுக்கு 'கனமுறை' என்று எழுதினால் ஹெவியின் நிழல் விழுகிறது. நாற்று நடுகிற இடைவெளியைப் போல நெருக்கமுறை, நடுமுறை, தளர்முறை என்று கொள்ளலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'வணிக நிலையங்கள் எடுத்துக்கொண்ட பாட்டை இளைஞர் வானொலி நெருக்கமுறையிலேயே வைத்திருந்தால், எந்த அலைவரிசைக்குப் போனாலும் அதே பாட்டு. சட்டென்று எடுத்துவிட்டால், முதலில் கொண்டுவந்தவர்களே கைகழுவியதாகும். தளர்முறைக்கு இறக்குவதே வழி.'

தடங்கலில்லாமல் ஓடுகிறது.

———

ஒரே ஒரு திருத்தம். 'நடுமுறை'யை அச்சில் யாராவது 'நடைமுறை' என்று திருத்திவிடுவார்கள். பிழைதிருத்தியும் அதைத்தான் காட்டும். 'இடைமுறை' என்று மாற்றி, மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.