ஃபார்மட் போட்டதும் காணாமல் போன அப்பாவின் தமிழ்

அப்பாவின் லேப்டாப்புக்கு வயது எட்டு. ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட உட்கார்ந்தேன். பழைய டிஸ்க்கை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமென்று, அதிலிருந்த கோப்புகளையெல்லாம் காப்பி எடுத்துவிட்டு முழுதாக அழித்தேன். டி டிரைவை மட்டும் நம்பாமல், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் சி-யிலிருந்து எடுத்தேன். கவனமாகத்தான் செய்தேன்.

8 ஜிபி பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏறியது. லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருந்ததால் கீ எதுவும் கேட்கவில்லை. வைஃபை டிரைவர் மட்டும் இல்லை. ஃபோனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டதும் நெட் வந்து, மற்றதெல்லாம் தானாக இறங்கியது.

சாயங்காலம் அப்பா தன் கோப்பைத் திறந்தார். எங்கள் ஊரையும் குடும்பத்தையும் பற்றிப் பத்து வருஷத்துக்கு மேலாக எழுதி வருவது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னடா இது, தமிழையே காணோம்?"

திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அப்போதுதான் உறைத்தது. அப்பா எழுதியது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில். அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது ஃபான்ட். அந்த ஃபான்ட் இருந்ததோ சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதை நான் காப்பி எடுக்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பாமினி இணையத்தில் சுலபமாகக் கிடைத்தது. போட்டதும் பக்கங்கள் உயிர் பெற்றன, ஆனால் தலைப்புகள் மட்டும் அப்படியே கிடந்தன. அவற்றுக்கு அவர் வேறொரு ஃபான்ட் வைத்திருக்கிறார். ஃபான்ட் கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டில் அந்த எழுத்தின் மேல் சொடுக்கினால் மேலே உள்ள பெட்டியில் அதன் பெயர் தெரியும். அதை வைத்துத் தேடிப் பிடித்தேன். அப்புறம்தான் மூச்சு வந்தது.

இனி இந்தப் பயமே வேண்டாம் என்று எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றினோம். மாற்றித் தரும் மென்பொருள் நொடியில் வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று எண்ணிக் குதறிவிடுகிறது. அசலைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு வாரம் ராத்திரிகளில் நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். எனக்குத் தெரியாத பெரியப்பா கதைகள் பலவற்றை அப்போதுதான் படித்தேன்.

யூனிகோடில் அடிக்கப் புது விசைப்பலகை அமைப்பு பழக மாட்டேன் என்று அப்பா அடம்பிடித்தார். அது நியாயம்தான், விரல் பழக்கத்தை இந்த வயதில் மாற்றச் சொல்லக்கூடாது. என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி அமைப்பே இருக்கிறது: அடிப்பது பழைய மாதிரி, விழுவது யூனிகோடு.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது பாமினி, வானவில் என்று பழைய ஃபான்டில் எழுதியிருந்தால், ஃபார்மட் போடுவதற்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுத்துவிடுங்கள்.

போன வாரம் அப்பா அந்தக் கோப்பைத் தன் ஃபோனில் திறந்து, 'தேர்' என்று தேடிப் பார்த்தார். முப்பத்தோரு இடத்தில் வந்தது. ஒவ்வொன்றாகத் தட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.