ஆர்டிஐ: எம்-புக் நகல் கேட்டால் 8(1)(j), 8(1)(h) என்று மறுப்பு. முதல் மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

மலைப்பாதை20 கேட்டது:

வணக்கம். சேர்வராயன் மலைப்பக்கம் ஒரு கிராமச் சாலை. போட்டு இரண்டு மழை தாங்கவில்லை, ஓரம் அரித்து ஜல்லி வெளியே தெரிகிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

கேட்டவை நான்கு. ஒன்று, அந்தச் சாலைப் பணியின் எம்-புக் (வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பில் நகல்கள். இரண்டு, ஓடை குறுக்கிடும் இடத்தில் ஏன் சிறுபாலம் கட்டவில்லை. மூன்று, ஊர்மக்கள் கொடுத்த புகார் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை. நான்கு, கடந்த 10 ஆண்டுகளில் போட்ட எல்லா மலைக்கிராமச் சாலைகளின் முழு விவரம்.

வந்த பதில்: முதலாவது "மூன்றாம் நபர் சார்ந்த தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(j)". இரண்டாவது "வினா எழுப்புவது தகவல் ஆகாது". மூன்றாவது "விசாரணையில் உள்ளது, 8(1)(h)". நான்காவது "தொகுத்து வழங்க இயலாது, 7(9)". கீழே பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்து, அவ்வளவுதான்.

மனு அலுவலகத்தில் சேர்ந்தது மார்ச் 3. பதிலில் உள்ள தேதி மார்ச் 28. கைக்கு வந்தது ஏப்ரல் 9. மேல்முறையீட்டில் எதைப் பிடிப்பது?

---

கன்னங்குறிச்சி எழுதியது:

முதலில் பதில் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தபால் முத்திரையில் என்ன தேதி இருக்கிறது பாருங்கள். மார்ச் 3-ல் சேர்ந்த மனுவுக்கு 30 நாள் கெடு ஏப்ரல் 2-ல் முடிகிறது. பதிலில் மார்ச் 28 என்று தட்டச்சு செய்துவிட்டு, கெடு தாண்டித் தபாலில் சேர்த்திருந்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் 7(2)-இன்படி அது மறுத்ததாகவே கருதப்படும். அதோடு 7(6)-இன்படி நகல்களைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். பலரும் கேட்காமலே விட்டுவிடுகிற வரி இது.

இனி ஒவ்வொன்றாக.

எம்-புக், பில்: 8(1)(j) முன்பு மாதிரி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் 44(3)-ஆம் பிரிவு அதை மாற்றிவிட்டது. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. முன்பு அந்த உட்பிரிவுக்குள்ளேயே பொதுநலன் பற்றிய வரி இருந்தது, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. இரண்டும் இப்போது இல்லை. இணையத்தில் சுற்றும் பழைய மாதிரி மனுக்களில் அந்த வாசகம் அப்படியே கிடக்கிறது. அதை நகலெடுத்துப் போட்டால் உங்கள் வாதம் அங்கேயே அடிபடும்.

அதனால் வாதத்தை வேறு இடத்தில் வையுங்கள். எம்-புக் அரசுப் பொறியாளர் அரசுப் பணிக்காக எழுதிய அளவீட்டுப் பதிவேடு. நீளம், அகலம், கனம் யாருடைய தனிப்பட்ட தகவலும் அல்ல. பில்லில் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண்ணோ கைப்பேசி எண்ணோ இருந்தால், பிரிவு 10-இன்படி அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் மேல் 8(2) இன்னமும் அப்படியே இருக்கிறது: பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம். மூன்றாம் நபர் என்று சொன்னால் பிரிவு 11-இன்படி 5 நாளுக்குள் அந்த நபருக்கு அறிவிப்பு அனுப்பி, பதில் சொல்ல 10 நாள் கொடுத்திருக்க வேண்டும். "அப்படி அறிவிப்பு அனுப்பியதாகப் பதிலில் இல்லை" என்று மேல்முறையீட்டில் ஒரு வரி சேருங்கள்.

விசாரணை: வெறுமனே விசாரணை நடக்கிறது என்பது 8(1)(h)-க்குப் போதாது. தகவல் வெளியானால் விசாரணை எப்படித் தடைபடும் என்று அலுவலர் காட்ட வேண்டும். டெல்லி உயர்நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் எதிர் தலைமைத் தகவல் ஆணையர் வழக்கில் இதைத்தான் சொன்னது. மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, 19(5). உங்களுடையது அல்ல.

மேலும் 7(8) என்ன சொல்கிறது? மறுத்தால் காரணம், மேல்முறையீட்டுக் கெடு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றையும் எழுத வேண்டும். உங்களுக்கு வந்ததில் பின்னிரண்டும் இல்லை. அதையே முதல் காரணமாக எழுதுங்கள்.

---

பழைய_ரெவின்யூ எழுதியது:

கன்னங்குறிச்சி சார் சொன்னது சரி. ஆனால் இரண்டாவது, நான்காவது கேள்விகளில் அலுவலகத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை.

"ஏன் கட்டவில்லை" என்பதற்குப் பதில் ஏதாவது காகிதத்தில் இருந்தால்தான் தர முடியும். இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் புதிய கேள்வி சேர்த்தாலும் நிற்காது. அதற்குப் புது மனுதான். அதில் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "மேற்படி சாலைப் பணிக்கான மதிப்பீடு, வரைபடம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை, ஒப்பந்தம், தரச் சோதனை அறிக்கை, பணி நிறைவுச் சான்று, இவை உள்ள கோப்பின் குறிப்புப் பக்கங்கள்." குறிப்புப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சிறுபாலம் மதிப்பீட்டில் இருந்து யார் வெட்டினார்கள், தொடக்கத்திலேயே இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். ந.க. எண் (கோப்பு எண்) தெரிந்தால் அதையும் போடுங்கள். "அந்தக் கோப்பு எங்களிடம் இல்லை" என்று தப்ப முடியாது.

நான்காவதற்கு 7(9) போட்டது பாதிதான் சரி. கேட்ட வடிவத்தில் தருவதற்கு ஆள்பலம் அளவுக்கு மீறிச் செலவாகும் என்றால் வேறு வடிவத்தில் தரலாம் என்பதற்குத்தான் அந்தப் பிரிவு. மொத்தமாக மறுப்பதற்கு அல்ல. "பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதித்திருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது. 2(j)-இல் ஆவணத்தை மட்டுமல்ல, பணியையும் பார்வையிடலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். சாலைக்கு இது நேரடியாகப் பொருந்தும், ஆனால் கேட்பவர் குறைவு.

பார்வையிடப் போகும்போது எம்-புக்கில் எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் வீண். ஒரு பதிவு இப்படி இருக்கும்: ஜல்லி அடுக்கு, 400 மீ × 3.00 மீ × 0.075 மீ = 90 கன மீட்டர். நீங்கள் டேப் பிடித்தால் அகலம் 2.75 மீட்டர்தான் வருகிறது என்றால் 82.5 ஆகிறது, 7.5 கன மீட்டருக்குக் கணக்கு இல்லை. மலைச்சாலையில் இன்னொன்று: தடுப்புச் சுவரின் அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விடும், பிறகு யாரும் அளக்க முடியாது. அதனால் அந்தப் பதிவின் தேதியையும் சரிபார்த்த மேலதிகாரியின் கையொப்பத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் எழும்பிய பிறகு அஸ்திவாரம் அளந்ததாகத் தேதி இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? புத்தக எண், பக்க எண் இரண்டையும் எழுதிவந்தால் நகல் கேட்பது சுலபம். ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய்தான்.

---

மலைப்பாதை20:

நன்றி. கவர் இருக்கிறது, முத்திரை ஏப்ரல் 7. புது மனுவுக்கு ஐ.பி.ஓ. (தபால் ஆணை) வைக்கலாமா? மேல்முறையீட்டுக்குக் கட்டணம் உண்டா? மேல்முறையீட்டு அலுவலர் யார் என்றே தெரியவில்லையே.

---

ஏரிக்கரை எழுதியது:

மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவதுதான் வழக்கம். ரெவின்யூ ஸ்டாம்ப் அல்ல, பலர் அதை ஒட்டி மனு திரும்பி வந்துவிடுகிறது. சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் கிடைக்கும். மலை ஏறும் முன்பே நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.ஓ. மத்திய அரசு அலுவலகங்களுக்கு. சேலம் ரயில்வே கோட்டம், உருக்காலை மாதிரி இடங்களுக்கு வில்லை ஒட்டினால் செல்லாது. அங்கே இரண்டாம் மேல்முறையீடும் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போகும்.

முதல் மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை, இரண்டாவதற்கும் இல்லை. வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு மனுக் கட்டணமும் நகல் கட்டணமும் கிடையாது, சான்று இணைத்தால் போதும்.

அலுவலர் பெயர் தெரியாவிட்டால் "மேல்முறையீட்டு அலுவலர் (தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005), மேற்படி அலுவலகம்" என்று பதவியைப் போட்டே அனுப்புங்கள். மனுவைச் சங்கம், மன்றம் பெயரில் போடாதீர்கள். பிரிவு 3 குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது, தனி ஆளின் பெயரில் கையெழுத்து இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டாம், 6(2).

பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட், பதிவு வசதியோடு என்று சொல்லுங்கள். ரசீதை மட்டும் நம்பாமல், சேர்ந்த தேதி காட்டும் இணையப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். கெடு கணக்கு எல்லாம் அந்தத் தேதியில் இருந்துதான் ஓடும்.

இன்னொன்று, அந்தச் சாலை ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையா, காப்புக்காட்டுக்குள் போகிற பகுதி வனத்துறையா? மலையில் ஒரே சாலை மூன்று கையில் இருக்கும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3)-இன்படி 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். புது மனுவில் "தங்களிடம் இல்லாத பகுதியை 6(3)-இன்படி மாற்றுக" என்று எழுதிவிடுங்கள்.

---

கன்னங்குறிச்சி எழுதியது:

கெடு பற்றி ஒரு எச்சரிக்கை. மேல்முறையீட்டுக்கு 30 நாள். பதில் கிடைத்த ஏப்ரல் 9-இல் இருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் கெடு முடிந்த ஏப்ரல் 2-இல் இருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் மே 2. அது சனிக்கிழமை, முந்தைய நாள் மே தின விடுமுறை. ஏப்ரல் 25-க்குள் அலுவலகத்தில் சேர்கிற மாதிரி போட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 25-இல் சேர்ந்தால் மே 25-க்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணத்தை எழுதி வைத்தால் 45 நாள் வரை, அதாவது ஜூன் 9. பதிலே இல்லை என்றால் மே 25-இல் இருந்து 90 நாள் எண்ணி, ஆகஸ்ட் 23-க்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, 19(3). மனு, பதில், கவர் நகல், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை, தபால் சான்றுகள் எல்லாம் வரிசை எண் போட்டு இணைக்க வேண்டும்.

சிலர் கோபத்தில் நேராகப் பிரிவு 18-இல் ஆணையத்துக்குப் புகார் போடுவார்கள். அதில் அலுவலருக்கு அபராதம் கிடைக்கலாம், தகவல் கிடைக்காது. புகாரில் தகவல் தர உத்தரவிட முடியாது, அதற்கு 19-தான் வழி என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தலைமைத் தகவல் ஆணையர் எதிர் மணிப்பூர் மாநிலம் வழக்கில் தீர்த்துவிட்டது. உங்களுக்கு எம்-புக்தானே வேண்டும்? மேல்முறையீட்டுப் பாதையிலேயே போங்கள். பிரிவு 20 அபராதத்தையும் (நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000) 19(8)(b) இழப்பீட்டையும் இரண்டாம் மேல்முறையீட்டில் சேர்த்தே கேட்கலாம். அபராதம் அரசுக்குப் போகும், இழப்பீடுதான் உங்களுக்கு.

முதல் மேல்முறையீட்டின் கோரிக்கைப் பகுதியை இவ்வளவு சுருக்கமாக வையுங்கள்: "1. இனம் 1-இன் நகல்களை, தேவைப்படின் பிரிவு 10-இன்படி பிரித்து, 7(6)-இன்படி கட்டணமின்றி வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். 2. இனம் 3-க்கு விசாரணை எவ்வாறு தடைபடும் என்பதைக் குறிப்பிடாத மறுப்பை ரத்து செய்து தகவல் வழங்க வேண்டுகிறேன். 3. இனம் 4-இன் பதிவேடுகளைப் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டுகிறேன்." இனம் 2-ஐ இதில் இழுக்க வேண்டாம், பழைய_ரெவின்யூ சொன்னபடி புது மனுவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மலைப்பாதை20:

ஏப்ரல் 7 முத்திரை தெரிகிற மாதிரி கவரின் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்துவிட்டேன். நாளை அஸ்தம்பட்டியில் வில்லை வாங்கி, மேல்முறையீடும் புது மனுவும் தனித்தனிக் கவரில் போகின்றன. ஒரே கவரில் வைத்தால் ஒன்று கணக்கில் வராமல் போய்விடும் அல்லவா?

---

ஏரிக்கரை எழுதியது:

ஆமாம், தனித்தனியாகவே. கவரின் மேல் எது மேல்முறையீடு, எது 6(1) மனு என்று பெரிதாக எழுதுங்கள். இரண்டும் ஒரே மேசைக்குப் போகாது.