குளியல் தொட்டியின் அடைப்பான்

நெடுவழியன்:
ஜப்பானில், ஷிரகவாகோவின் ஒகிமாச்சி கிராமத்தில், ஒரு மின்ஷுகுவில் (குடும்பத்தார் தம் வீட்டிலேயே நடத்தும் விடுதி) தங்கிய இரவு எட்டு ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது. பனியையும் கூரைகளையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் குளியலறைக்கே வந்துவிடுகிறேன். தொட்டிக்கு வெளியே அமர்ந்து உடலைத் தேய்த்துக் கழுவிய பிறகே அதற்குள் இறங்க வேண்டும் என்பதை அறிந்திருந்தேன், அப்படியே செய்தேன். ஆனால் எழுந்ததும், நான் இறங்கிய நீரைப் பிறருக்கு விட்டுவைப்பது மரியாதையன்று என்று எண்ணி அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். கதவைத் திறந்தால், தோளில் துண்டுடன் அந்த வீட்டுப் பாட்டி தம் முறைக்காகக் காத்து நின்றார். நீர் வடியும் ஓசை இருவருக்கும் கேட்டது. அவர் ஒன்றும் பேசாமல் தலைதாழ்த்தி, என்னைக் கடந்து உள்ளே சென்று குழாயைத் திறந்தார்.

கடைசிப்பேருந்து:
பாதித் தவறு வீட்டாருடையது. வெளிநாட்டவரை ஏற்பவர்கள் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கலாம். நான் அதே கிராமத்துக்கு இரவு உணவு முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துச் சென்றேன். இரோரி அடுப்பில் குச்சியில் குத்திய ஒரே ஒரு மீன், கருகிவிடாமல் சாம்பலின் ஓரத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது. தாமதமாகும் என்று நான் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.

குடைக்காரர்:
அறிவிப்பு ஒட்டுவதற்கு அது ஓட்டல் அன்று, வீடு. நானும் கழிவறைக்கு உரிய செருப்புடனேயே உணவறைக்குள் நுழைந்து எல்லோரையும் திகைக்கவைத்தவன்தான். இனிப் போகிறவர்களுக்குச் சில சொற்கள்: உணவு நேரத்தை முன்பதிவின்போதே கேளுங்கள்; கடவுச்சீட்டைக் கேட்டால் ஐயப்பட வேண்டாம், ஜப்பானில் வசிக்காத வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு எண்ணைப் பதிவது சட்டப்படியான நடைமுறை; படுக்கையை நீங்களே விரித்து மடிக்க வேண்டியிருக்கலாம்; அறைகளைப் பிரிப்பவை பெரும்பாலும் நகரும் தடுப்புகளே என்பதால் தாழ்ந்த குரலில் பேசுங்கள்; முக்கியமாக, வெளியே நடந்தபடி புகைபிடிக்காதீர்கள். 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த வீடுகள் புல் வேய்ந்தவை, ஒரு பொறி போதும். (புகைபிடிப்பவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டுவதோடு சரி.)

நெடுவழியன்:
அறிவிப்பைப் பற்றிய விவாதத்துக்காகச் சொல்கிறேன்: மறுநாள் காலையில் குளியலறைக் கதவில் பென்சிலால் வரைந்த ஒரு படம் ஒட்டப்பட்டிருந்தது. ஓர் அடைப்பானும், அதன்மேல் பெரிய பெருக்கல் குறியும். அந்த வீட்டில் அன்று தங்கியிருந்த வெளிநாட்டவன் நான் ஒருவன்தான்.